மோட்டார் எஞ்சினும் நாமும்

கல்லூரியின் ஜூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, எதைப்பற்றி எழுதுவதென்று சில நாட்கள் மயங்கியிருந்தோம். கல்லூரியின் வரலாற்றை எழுதுவதற்கு எம்மிலும் மூத்தோர் உளர். சைவமும் தமிழும் அங்கே தழைத்த வகையை எழுதுவதற்குப் புலமை மிக்கோர் உளர். துடுப்பாட்டத்திலும் உதைபந்தாட்டத்திலும் கல்லூரி ஈட்டிய வெற்றிகளை எழுத, அவற்றை ஈட்டியவர்களே உளர். இவற்றுள் எதற்கும் உரியரல்லாத நாம், வெலிமடையில் எமது வீட்டு முற்றத்தில் ஒரு மோட்டார்க் காரின் எஞ்சினை வெளியே எடுக்க முற்பட்ட கதையை எழுதத் துணிந்தோம்.

ஜூபிலி மலரில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று வாசிப்போர் வினவலாம். கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் நாம் கற்ற பாடம் ஒன்று, முப்பது ஆண்டுகளின் பின் அந்த முற்றத்திலேதான் பரீட்சிக்கப்பட்டது. அப்பரீட்சையில் நாம் தேறவில்லை. தேறியவர்களைப் பற்றி எழுதுவார் பலராதலின், தேறாதார் சார்பிலும் ஒரு கட்டுரை இருத்தல் தகும் என எண்ணினோம்.

எமது ஊரை அறியாதார் பொருட்டு முதலிற் சில சொல்வோம். பேராதனையிற் புறப்பட்டு நுவரெலியா வழியாகப் பதுளைக்குச் செல்லும் பெருந்தெருவில், உமா ஓயாவின் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்தது வெலிமடை. ஒரு புறம் ஏறினால் கெப்பெட்டிபொலையையும் ஹக்கலையையும் கடந்து ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியா; மறுபுறம் சென்றால் ஹாலிஎலையும் பதுளையும்; இன்னொரு தெருவழியே பண்டாரவளை. படிப்படியாக வெட்டிய வயல்களும், உருளைக்கிழங்கும் மரக்கறியும் விளையும் தோட்டங்களும், அவற்றுக்கு அப்பால் தேயிலை மலைகளும் சூழ்ந்த ஊர். எத்திசை நோக்கிச் சென்றாலும் ஏற்றமும் இறக்கமுமே அன்றிச் சமதரை என்பது அரிது. பண்டாரவளையில் ரயிலேறி, பொல்காவலையில் வண்டி மாறி, வடக்கே விடுதிக்கு வந்து சேர்ந்த எமக்கு, சமதரையிலே துவிச்சக்கர வண்டி ஓட்டலாம் என்பதே கல்லூரிக் காலத்து முதல் வியப்பாக இருந்தது.

எம் தந்தையார் வெலிமடைக் கடைத்தெருவிற் பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1964ஆம் ஆண்டில் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவரிடம் அவர் ஒரு மொறிஸ் மைனர் காரை வாங்கினார். அது 1958இற் செய்யப்பட்டது. 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டியது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இக்கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து, பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்னும் பெயரைப் பெற்றது. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றது. இங்கிலாந்தில் நின்றதேயன்றி இலங்கைத் தெருக்களில் அது நிற்கவில்லை. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினாற் புதிய கார்கள் வருவது மிகவும் அருகிற்று. ஆதலின், உள்ள காரையே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டுதல் இந்நாட்டில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. 1990களில் மொறிஸ் மைனரின் உதிரிப்பாகங்களை இங்கே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிலும் நடைபெற்றதென்றால், நம்மவர் கைத்திறனுக்கு வேறு சான்று வேண்டா.

தந்தையாருக்குப் பின் அக்கார் எம்மிடம் வந்தது. 1993ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், ஹக்கலை ஏற்றத்தில் எஞ்சின் ஓலமிட்டதேயன்றிக் கார் நகரவில்லை. கிளச் தட்டுத் தேய்ந்துவிட்டது. மலைநாட்டிற் கார் ஓட்டுவோர்க்கு இது புதிதன்று. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் கிளச் சிறிது சிறிதாகத் தேய்கிறது. கிளச் தட்டின் விலை பெரிதன்று. ஆயின் அது எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே ஒளிந்திருப்பது. அதை எட்ட வேண்டுமாயின் இரண்டில் ஒன்றை அப்புறப்படுத்தல் வேண்டும். மைனர் காரிற் பெரும்பாலோர் எஞ்சினை எடுப்பதையே எளிதெனக் கொள்வர். கராஜிற் கேட்ட கூலி, ஆசிரியத் தொழில் புரிந்த எமது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கி ஏப்பம் விடத்தக்கதாக இருந்தது. எனவே ஆகஸ்ட் விடுமுறையில் நாமே எஞ்சினை எடுப்பதென்று முடிவு செய்தோம். துணைக்குப் பதினைந்து வயதுடைய எம் மகன் இருந்தான்.

எஞ்சினை எடுக்க எண்ணுவோர் முதலில் அறிய வேண்டுவது, அது எவ்வழியாக வெளியேறும் என்பது. எல்லாக் கார்களுக்கும் வழி ஒன்றன்று. ஜேர்மனியரின் வொக்ஸ்வாகன் வண்டில் எஞ்சின் பின்புறத்தே உள்ளது. நான்கு போல்ட்டுகளிற் பிணைந்து நிற்கும் அதனைக் கழற்றி, ஜாக்கியின் மேல் மெல்லக் கீழே இறக்கி, காரின் பின்புறத்தைத் தூக்கி வெளியே இழுப்பர். இசிகோனிஸ் பின்னர் வகுத்து 1959இல் வெளிவந்த மினி காரிலோ, எஞ்சின் குறுக்காக இருக்க, கியர்ப்பெட்டி அதன் அடியிலேயே ஒட்டியிருக்கும். இரண்டும் ஒருங்கே வருதல் வேண்டும். மொறிஸ் மைனரின் எஞ்சின் மேல்நோக்கியே வெளியேறும். ரேடியேற்றரையும் பொனெற்றையும் அகற்றிவிட்டால் வாய் திறந்த பெட்டிபோல இடம் விரிந்து கிடக்கும். எஞ்சினின் எடையோ நூறு கிலோவுக்குச் சற்று மேல். இருவர் கூடித் தூக்கக் கூடியது போலத் தோன்றும்; தூக்கியபின் வைக்க இடமின்றித் திகைக்க வைக்கும் எடை அது.

ஆகவே எப்படித் தூக்குவது என்று பல நாட்கள் ஆராய்ந்தோம். எம் முன் நான்கு வழிகள் இருந்தன.

முதலாவது, காவுதடி. எஞ்சினுக்குக் கயிறு கட்டி, உறுதியான தடியொன்றிற் கோத்து, நால்வர் தோள் கொடுத்துத் தூக்குதல். பணச் செலவில்லை. ஆயின் ஒருவர் கால் இடறினால் மற்ற மூவரும் பாரத்தின் கீழ் அகப்படுவர். மேலும் எஞ்சினை அங்குலம் அங்குலமாக முன்னே நகர்த்தவேண்டிய வேளையில், மனிதத் தோள்கள் ஓரிடத்தில் அசையாது நில்லா. அதனை விலக்கினோம்.

இரண்டாவது, வீட்டுக் கூரையின் வளை. முன் விறாந்தையின் கீழ்க் காரை நிறுத்தி, மேலுள்ள வளையிற் கப்பியைத் தொங்கவிடுதல். வளை பார்வைக்குப் பருத்ததே. ஆயின் அது தகரக் கூரையின் பாரத்தைத் தன் நீளமெங்கும் பகிர்ந்து தாங்க வைக்கப்பட்டதேயன்றி, நடுவில் ஒரு புள்ளியிற் பெரும்பாரம் தொங்குவதற்கு வைக்கப்பட்டதன்று. எம் மனையாள் அதற்கு வேறு காரணம் கூறி மறுத்தாள். கார் கெட்டாற் பஸ்ஸிற் போகலாம். கூரை விழுந்தால் எங்கே போவது என்பது அவள் வினா. அதற்கு எம்மிடம் விடையில்லை.

மூன்றாவது, முற்றத்து ஆனைக்கொய்யா மரம். அதன் கொப்பு ஒன்று, காரை நிறுத்துவதற்கு வாய்ப்பான இடத்தின் மேல் நீண்டிருந்தது. எம் தொடையளவு பருமன் உடையது.

நான்காவது, மூன்று மரக்கால்களை நட்டு முக்காலி அமைத்தல். அதற்கு மரம் தேட வேண்டும், குழி தோண்ட வேண்டும், ஒரு நாள் வீணாகும் என்று எண்ணினோம். வீணாகும் என்று நாம் எண்ணிய அந்த ஒரு நாளைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆனைக்கொய்யாக் கொப்பை நாம் தேர்ந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. கல்வியும் ஒரு காரணம். 1963ஆம் ஆண்டில் நம் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் வெஸ்டனின் வேறுபாட்டுக் கப்பியைப் பற்றி ஆசிரியர் பாடம் நடத்தினார். ஒரே அச்சில் ஒன்றாகச் சுழலும் இரு சில்லுகள். ஒன்று சற்றுப் பெரிது, மற்றது சற்றுச் சிறிது. முடிவற்ற சங்கிலி ஒன்று இரண்டையும் சுற்றிக் கீழேயுள்ள கப்பியைத் தாங்கும். பெரிய சில்லுக்குப் பத்துப் பல்லும் சிறியதற்கு ஒன்பது பல்லும் இருந்தால் வேக விகிதம் இருபது. உராய்வு இல்லையெனிற் நூற்றிருபது கிலோவை ஆறு கிலோ இழுவையால் உயர்த்தலாம். உராய்வு இருப்பதால் அதனினும் இரு மடங்கோ, இரு மடங்குக்கு மேலோ இழுக்க வேண்டும். இவ்வாறு விளக்கிய ஆசிரியர், பாரத்தை உயர்த்திவிட்டுச் சங்கிலியிலிருந்து கையை எடுத்தார். பாரம் விழவில்லை; அந்தரத்தில் நின்றது. வினைத்திறன் ஐம்பது வீதத்திற்குக் குறைந்த பொறியிற் பாரம் தானாக இறங்காது என்றும், நாம் குறை என்று சொல்லும் உராய்வே அதனைத் தாங்குகிறது என்றும் அவர் சொன்னார். அன்று வகுப்பில் இருந்த எமக்கு அது ஒரு மாயவித்தைபோல இருந்தது. பரீட்சையில் அவ்வினாவுக்கு முழுப் புள்ளி பெற்றோம்.

அக்கப்பியையே செயின் புளொக் என்று தொழிலாளர் வழங்குவர். அயல் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஒன்று இருந்தது. டீமேக்கரின் அனுமதி பெற்று அதை எமக்குத் தந்தவர், அத்தொழிற்சாலையின் எஞ்சின் டிரைவர். நெடுங்காலம் எஞ்சின்களோடு வாழ்ந்தவர். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லாமையாற் கல்வி அத்தோடு நின்றவர். சங்கிலியைக் கையில் ஒப்படைத்துவிட்டு, "நானும் வரட்டுங்களா, மாஸ்டர்?" என்று கேட்டார். "வேண்டாம் அண்ணே, உங்களுக்கு ஏன் வீண் சிரமம்" என்றோம். வாய் சிரமம் என்று சொல்லிற்று. மனம் தேவையில்லை என்று சொல்லிற்று. அவருக்குத் தெரிந்தது எமக்குத் தெரியும் என்றும், எமக்குத் தெரிந்த கணக்கு அவருக்குத் தெரியாது என்றும் எண்ணியிருந்தோம். இதனை இன்று எழுதும்போதும் நாணமாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் மாதத்தில் ஊவா மலைகளில் வறண்ட காற்று வீசும். தேயிலைக்கு அக்காற்று நல்ல மணத்தைத் தருவது. அத்தகைய ஒரு காலையில் வேலையைத் தொடங்கினோம். பற்றரியைக் கழற்றினோம். தண்ணீரையும் ஒயிலையும் வடித்தோம். பெற்றோல் குழாயைப் பிரித்து முனையை அடைத்தோம். பொனெற், ரேடியேற்றர், காபரேற்றர், டைனமோவின் வயர்கள், ஸ்டார்ட்டர், புகைக்குழாயின் பிணைப்பு எல்லாம் ஒவ்வொன்றாக விடுபட்டன. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேரும் வட்டத்திலுள்ள போல்ட்டுகளையும் கழற்றினோம். கழற்றியவற்றை மகன் புல்லின்மேல் வைத்தான். கொப்பிற் கப்பியைத் தொங்கவிட்டு இழுத்தோம். சங்கிலி இறுகிற்று. எஞ்சினின் முன்முனை சற்று உயர்ந்து நின்றுவிட்டது. மேலும் இழுத்தோம். எஞ்சின் வரவில்லை, காரின் முன்புறமே கூட எழுவது போலத் தோன்றிற்று. மகனை நோக்கி, முன்னால் நின்று எஞ்சினின் அடியிற் கைகொடுத்து அசைக்கச் சொன்னோம். அவன் அசைத்தான். நாம் இழுத்தோம்.

அவ்வேளையில் அடுக்களையிலிருந்து எம் மனையாள் தேநீர் ஆறுகிறதென்று கூப்பிட்டாள். மகன் கையைத் துடைத்துக்கொண்டு அவ்விடம் விட்டு நான்கு அடி எடுத்து வைத்திருப்பான். கொப்பு முறிந்தது. செயின் புளொக்கும் கொப்பும் சேர்ந்து, அவன் நின்ற இடத்தில், காரின் இடப்பக்க மட்கார்ட்டின் மேல் விழுந்தன. எஞ்சின் தன் பழைய இடத்திற் சரிந்து அமர்ந்தது. அதன் அடியில், சற்று முன் அவன் கை இருந்த இடைவெளி, விரல் நுழையவும் இடமின்றி மூடியிருந்தது.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. அன்று அவளுடைய குரல் அரை நிமிடம் தாமதித்திருந்தால் இக்கட்டுரையை எழுத எமக்குக் கை எழுந்திராது.

மாலையில் எஞ்சின்கார அண்ணன் தாமாகவே வந்தார். முறிந்த கொப்பையும் நெளிந்த மட்கார்ட்டையும் பார்த்தார். எம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. காரின் கீழே படுத்து, விளக்கைப் பிடித்துச் சிறிது நேரம் பார்த்தார். எழுந்து வந்து, "தம்பி, கழட்டின போல்ட்டெல்லாம் கொண்டு வாங்க" என்றார். மகன் புல்லில் தேடித் தேடிக் கொண்டுவந்தான். அவர் அவற்றையும், கியர்ப்பெட்டி சேரும் வட்டத்தின் துளைகளையும் எண்ணினார். துளை ஒன்று மிகுந்தது. ஸ்டார்ட்டர் இருந்த பக்கத்தில், மசகு அப்பிக் கண்ணுக்குத் தெரியாத மூலையில், ஒரு போல்ட் இன்னும் பூட்டியபடியே இருந்தது.

"மாஸ்டர், நீங்க எஞ்சினோட கனத்தைத்தான் கணக்குப் போட்டீங்க. ஆனா நீங்க தூக்கினது எஞ்சினை இல்லை, காரை" என்றார்.

அப்போதுதான் எமக்குக் கணக்கு விளங்கிற்று. எஞ்சின் தடையின்றி வருமாயின் கொப்பின்மேல் வருவது அதன் எடையும், நாம் இழுக்கும் சிறு விசையும் மட்டுமே. எங்கேனும் ஒரு போல்ட் பிடித்திருப்பின், கொப்பின்மேல் வருவது எஞ்சினின் எடையன்று. எமது இழுவை கப்பியினாற் பெருகி வரும் விசை. எட்டு மடங்கு பெருக்கும் கப்பியில் நாற்பது கிலோ விசையோடு இழுப்பவன், கொப்பை முந்நூற்றிருபது கிலோவுக்கும் மேலான விசையால் வளைக்கிறான். பாரம் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டிய இடத்தில் நாம் இன்னும் பலமாக இழுத்தோம். பொறிமுறை நயம் என்று கல்லூரியிற் கற்றது, தவறு செய்வோனின் தவறையும் அதே மடங்கு பெருக்கித் தரும் என்பதை நாம் நினைத்திலோம். அன்றியும் ஆனைக்கொய்யா முரிவுத் தன்மை மிக்க மரம். பருமனைக் கண்டு நம்பத்தக்கதன்று. பலாமரமாயினும் கொப்பின் நுனியை நோக்கிச் செல்லச் செல்ல வளைக்கும் வலிமை கூடுமாதலின், அடிமரத்திலிருந்து ஐந்தடி தள்ளிப் பாரத்தைத் தொங்கவிட்டது தவறே.

மறுநாள் முக்காலி எழுந்தது. வேலிக்கு அப்பால் வெட்டிக் கிடந்த யூக்கலிப்டஸ் மரத்தில் நேரான மூன்று கால்களை அவர் தெரிந்தார். பன்னிரண்டு அடி நீளம். ஓர் ஆளின் கெண்டைக்காலிலும் பருமன். உச்சியிற் கம்பிக் கயிற்றாற் கட்டி, அடியில் அரை அடிக் குழி தோண்டி ஒவ்வொரு காலையும் ஊன்றினார். அதனோடு நில்லாது, மூன்று கால்களின் அடியையும் ஒன்றோடொன்று கயிற்றாற் பிணைத்தார். பாரம் ஏறும்போது முக்காலியின் கால்கள் வெளியே விலகவே முயலும் என்றும், குழியை மண் நம்பலாம், மழை நம்பாது என்றும் சொன்னார். இரு கால்கள் காரின் இருமருங்கிலும், மூன்றாவது காருக்கு முன்னேயும் நின்றன. எஞ்சினின் இருமுனைகளிற் பூட்டிய சங்கிலியை நாம் குட்டையாகக் கட்டியிருந்தோம். அவர் அதை அவிழ்த்து நீளமாகக் கட்டினார். சங்கிலி தரைக்குச் சமாந்தரமாகப் படுக்கப் படுக்க அதன் இழுவிசை ஏறும். முப்பது பாகைச் சாய்விற் சங்கிலியின் ஒவ்வொரு பக்கமும் முழு எஞ்சினின் எடையைத் தாங்க வேண்டும். அறுபது பாகையில் எடையின் பாதியைச் சற்றே கடந்த அளவு போதும். இக்கணக்கை நாம் தாளில் போட்டுக் காட்டியபோது, "ஆமாங்க, படுத்த சங்கிலி அறும்" என்று இரண்டு சொல்லில் முடித்தார்.

கியர்ப்பெட்டியின் அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்து ஜாக்கியால் தாங்கினார். அன்றேல் எஞ்சின் விலகியதும் கியர்ப்பெட்டி சரிந்து, அதன் தண்டின்மேல் எஞ்சினின் பாரம் தொங்கும். தண்டும் கிளச் தட்டும் நெளியும். பின்னர் அவர் செய்ததே எமக்குப் பெரும் பாடமாயிற்று. எஞ்சினை முன்னே இழுக்காமல், அதைச் சங்கிலியில் அசையாது நிறுத்தி, சில்லுகளின் அடைகற்களை எடுத்துக் காரையே விரல்விரலாகப் பின்னே தள்ளச் செய்தார். தொங்குவது அசையலாகாது, சில்லு உள்ளதே அசையவேண்டும் என்பது அவர் கொள்கை. இடைவெளி இருபுறமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளினோம். தண்டு விடுபட்டது. எஞ்சின் மெல்ல உயர்ந்தது. கார் முழுதும் பின்னே சென்றது. பழைய டயரொன்றைக் கழியால் தள்ளி எஞ்சினின் அடியில் வைத்து, அதன்மேல் இறக்கினோம். தொடக்கம் முதல் முடிவு வரை எவருடைய கையும் காலும் அதன் கீழே செல்லவில்லை. சங்கிலியைப் பிடித்தவர் கூட, முக்காலி விழுந்தால் எத்திசையில் விழும் என்று பார்த்து அதற்கு அப்பால் நின்றே இழுத்தார். போல்ட்டுகள் யாவும் ஒரு பால்மா டின்னில் எண்ணி இடப்பட்டன. துளை எத்தனையோ அத்தனை போல்ட் டின்னில் இருந்தாலன்றிச் சங்கிலியைத் தொடலாகாது என்பது அவர் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த விதி.

வேலை முடிந்தபின் கூலி கொடுக்க முயன்றோம். வாங்க மறுத்துத் தேநீர் மட்டும் அருந்தினார். முதல்நாளே அவரை அழைக்காததற்கு மன்னிக்குமாறு கேட்டோம். "நீங்க கூப்பிடாட்டியும் நான் வந்திருக்கணும் மாஸ்டர். செயின் புளொக்கைக் கொடுத்தவன் நான்தானே" என்றார். கருவியைக் கொடுத்தவனுக்கும் அதனால் விளைவதிற் பங்குண்டு என்று எண்ணிய அவ்வுள்ளத்தின் முன், முழுப் புள்ளி பெற்ற நாம் தலைகுனிந்து நின்றோம்.

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. செய்யும் தொழிலின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பதன் வலிமை, துணை நிற்போர் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிச் செய்க என்பது அதன் கருத்து. கொம்பின் நுனிக்கு அப்பாலும் ஏற முயல்வோனின் கேட்டையும் அதே அதிகாரம் பேசுகிறது. விடுதியில் மாலைப் படிப்பின்போது அதனை மனனஞ்செய்து ஒப்புவித்தவர்களுள் நாமும் ஒருவர். எஞ்சினின் வலிமையையும் எம் வலிமையையும் அளந்தோம். கொப்பின் வலிமையை அளந்திலோம். துணை வலிமையோ வாயிலிற் வந்து கேட்டபோதும் வேண்டாம் என்றோம்.

ஆண்டுகள் கடந்தன. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்திற் பழைய கார்கள் மறுபடியும் மதிப்புப் பெற்றன. 2021இல் எமது மைனர் ஒயிலைக் குடித்துப் புகையைக் கக்கத் தொடங்கியபோது, எஞ்சினை மீண்டும் எடுக்கவேண்டியதாயிற்று. எஞ்சின்கார அண்ணன் அப்போது உயிரோடில்லை. கொழும்பிற் பணிபுரியும் மகன் விடுமுறையில் வந்திருந்தான்.

அவன் வாடகைக்கு ஒரு கிரேன் கொணர்ந்தான். சிறு சில்லுகளின் மேல் நின்று, ஒயில் அமுக்கத்தால் கையை உயர்த்தும் இப்பொறியை இன்று கராஜ்கள் பலவற்றிலும் காணலாம். முக்காலியிலும் அது சிறந்ததா என்று கேட்டோம். சமமான சீமெந்துத் தரையாயின் சிறந்தது. நம் முற்றத்தில் அன்று என்றான். மண்தரையில் அதன் சில்லுகள் புதையும். சரிவிற் பாரத்தோடு ஓடும். கையை நீட்ட நீட்ட அது தாங்கக்கூடிய பாரமும் குறையும். ஆகையால் அயலிலுள்ள முஸ்லிம் மரக்கறி வியாபாரி ஒருவரின் களஞ்சியத்துக்குக் காரைத் தள்ளிச் சென்றோம். அங்கே நல்ல சீமெந்துத் தரை இருந்தது. நாநா தம் மூட்டைகளை ஒருபுறம் ஒதுக்கி இடந்தந்ததோடு, தள்ளுவதற்குத் தாமும் ஒரு கை கொடுத்தார்.

எஞ்சினை உயர்த்துமுன் மகன் இரண்டு காரியங்கள் செய்தான். ஒரு பால்மா டின்னைக் கவிழ்த்துப் போல்ட்டுகளை எண்ணினான். பின்பு சுண்ணக்கட்டியால் காரின் முன்புறத்தைச் சுற்றித் தரையில் ஒரு கோடு வரைந்தான். உதவும் ஆவலோடு நாம் முன்னே சென்றோம். "அப்பா, இந்தக் கோட்டுக்கு இங்காலே வரக்கூடாது" என்றான். கோட்டுக்கு வெளியே ஒரு மரக்கறிப் பெட்டியின் மேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எஞ்சின் ஒரு சத்தமுமின்றி எழுந்து வந்தது. இடப்பக்க மட்கார்ட்டின் பழைய நெளிவு எம் கண் முன்னே இருந்தது. அதனை நிமிர்த்தித் தருவதாகப் பலர் சொல்லியும் நாம் இசைந்ததில்லை.

மாணவத் தம்பிகளுக்கு ஒரு சொல். வீட்டில் எஞ்சினைத் தூக்கும் வழிகளுள் எது சிறந்தது என்று எம்மைக் கேட்பீராயின், மரக்கொப்பு என்றோ, முக்காலி என்றோ, கிரேன் என்றோ சொல்லமாட்டோம். எந்த வழியிற் கட்டு அறுந்தாலும், கால் முறிந்தாலும், கணக்குப் பிழைத்தாலும், விழுவது இரும்பு மட்டுமாக இருக்குமோ, அதுவே சிறந்த வழி. ஒன்று வர மறுக்குமாயின், இன்னும் பலமாக இழுக்காது, கையை எடுத்துவிட்டு ஏனென்று பாருங்கள். உங்களினும் குறைவாகப் படித்தவர் நானும் வரட்டுமா என்று கேட்டால், வாருங்கள் என்று சொல்லுங்கள்.

பௌதிகம் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை சங்கிலியிலிருந்து கையை எடுத்து, பாரம் விழாது நிற்பதைக் காட்டிய அந்நாள் இன்றும் எம் கண்ணில் நிற்கிறது. அவர் கற்பித்தது பிழையன்று. நாம் பாதியைக் கற்று வந்தோம். மீதியை ஊவா மலையிலே, ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவரிடம் கற்றோம். அவ்விருவரையும் வணங்கி, நம் கல்லூரி இன்னும் பல ஜூபிலிகள் காண இறைவன் திருவருளை வேண்டி அமைகின்றோம்.